பூக்கட்டும் விரல்கள்

விரலுக்குள் விரலை மடக்கும் தசை எதுவும் கிடையாது. எலும்பு, மூட்டு, நரம்பு, ரத்தக் குழாய், கொஞ்சம் கொழுப்பு, இவற்றோடு தசைநாண்கள், அவ்வளவுதான். மடக்குகிற பெரிய தசைகள் முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன. வலது கையால் இடது முன்கையைப் பிடித்துக்கொண்டு இடக்கை விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள்; தசை புரளுவது பிடித்திருக்கும் கைக்குத் தெரியும். அங்கிருந்து கிளம்பும் நாண்கள் மணிக்கட்டைக் கடந்து, சைக்கிள் பிரேக் கம்பி அதன் உறைக்குள் ஓடுவது போல, வழுக்கலான உறைகளுக்குள் ஓடி விரல் எலும்புகளில் போய்ப் பிடிக்கின்றன. நுணுக்கமான அசைவுகளுக்கென்று உள்ளங்கையில் சின்னச் சின்னத் தசைகள் தனியாக உண்டு. ஒரு கைக்கு எலும்புகள் 27.

இத்தனையும் ஒன்றாக வேலை செய்வதைப் பார்க்க, தேனிப் பக்கம் பூக்கட்டும் ஒரு பாட்டியின் அருகில் சற்று நேரம் உட்கார்ந்தால் போதும். சின்னமனூரை ஒட்டிய சீலையம்பட்டியில் பூச்சந்தை இருக்கிறது. கட்டுவதற்கு நாரும் அங்கேயே கிடைக்கிறது. 1895-ல் பயன்பாட்டுக்கு வந்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையில் குடைந்த வழியே இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கை நெல்லும் வாழையும் தென்னையுமாக ஆக்கியது. தார் வெட்டிய வாழையின் மட்டையை உரித்துக் காயவைத்துக் கிழித்தால் நார். கட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துக்கொள்வார்கள். நனைந்த நார் முறியாது, பூவையும் அறுக்காது.

கட்டும் கைகளைக் கவனியுங்கள். இடது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நாரின் நுனியைப் பிடித்திருக்கின்றன. வலது கை மடியில் இருக்கும் குவியலிலிருந்து இரண்டு மொட்டுகளை எடுத்து, காம்புகள் உள்ளே வரும்படி ஒரு பக்கம் வைக்கிறது. இன்னும் இரண்டு, எதிர்ப்பக்கம். நார் காம்புகளை ஒரு சுற்றுச் சுற்றுகிறது. பிறகு வலக்கை விரல்களில் நார் ஒரு முறுக்கு முறுக்கி வளையமாகிறது. அந்தச் சுருக்குக் காம்புகளின் மேல் இறங்கி இறுகுகிறது. இடது கட்டைவிரல் ஒரு நூலளவு நகர்ந்து அடுத்த பூவுக்கு இடம் விடுகிறது. பழகிய கையில் இதெல்லாம் ஓரிரு நொடி வேலை. பாட்டியின் கண் பாதி நேரம் தெருவில் இருக்கும்.

மருத்துவமனைகளில் கைத்திறனை அளக்க ஒரு சோதனை உண்டு: ஒன்பது குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒன்பது துளைகளில் செருகி, திரும்ப எடுத்துப் போட வேண்டும், எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பார்கள். வயது ஏற ஏற நொடிகளும் ஏறும். அந்தக் குச்சி விறைப்பானது, எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். மல்லிகை மொட்டு தாங்காது. பூக்கட்டுவதில் எனக்குப் பெரிய வியப்பே இந்த இடம்தான்.

நம் விரல் நுனித் தோலில் மெய்ஸ்னர் நுண்ணுறுப்புகள் என்ற உணர்விகள் இருக்கின்றன. கையில் பிடித்த பொருள் துளி நழுவினாலும் முதலில் மூளைக்குச் சொல்பவை அவைதான். வயதாகும்போது இவற்றின் எண்ணிக்கை குறைகிறது. தோலும் உலர்ந்து வழுக்குகிறது. அதனால் முதியவர்கள் ஒரு பொருளைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கிறார்கள். டம்ளர் கீழே விழுந்துவிடக் கூடாதே என்ற கவலையை விரல்களே படுகின்றன. இறுக்கம் கூடினால் விரல் சீக்கிரம் களைக்கும், மூட்டில் பாரம் ஏறும். மொட்டை நசுக்கினால் அந்த இடம் கொஞ்ச நேரத்தில் பழுப்பேறிக் காட்டிக்கொடுத்துவிடும். சுருக்கைத் தளர விட்டால் பூ உதிரும். நசுங்காமலும் உதிராமலும் இருக்கும் அந்தக் குறுகிய இடைவெளியில் பிடியை நிறுத்தும் பயிற்சியை, ஒவ்வொரு பூவும் விரலுக்குக் கொடுக்கிறது. இதற்கென்று ஒரு கருவி செய்யச் சொன்னாலும் இவ்வளவு பொருத்தமாக வராது.

அசைவதால் மூட்டுக்கு என்ன கிடைக்கிறது? மூட்டு எலும்புகளின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவம்தான் அதற்குச் சாப்பாடு. விரல் மடங்கி நீளும்போது குருத்தெலும்பு அமுங்கி விரிகிறது. அப்போதுதான் திரவம் உள்ளே போய் வருகிறது. காலையில் எழுந்ததும் மடங்க மறுக்கும் விரல் சிறிது நேரம் வேலை செய்தபின் இளகுவதில் இதற்கும் பங்குண்டு. 2015-ல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வில், முடக்குவாதத்தால் கை பாதிக்கப்பட்ட 490 பேர் கலந்துகொண்டார்கள். மருந்தோடு கைக்கான பயிற்சிகளையும் செய்தவர்களுக்கு ஓராண்டு கழித்துக் கையின் செயல்திறன் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. அவர்கள் செய்தது வகுத்துக்கொடுத்த உடற்பயிற்சி, கைவேலை அல்ல. பூக்கட்டினால் மூட்டுவாதம் குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விரலை முறையாக அசைப்பது நல்லது என்பது வரை ஐயமில்லை.

மூளையின் பங்கு இதைவிட ஆச்சரியமானது. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு வலிப்பு நோய்க்காக 1953-ல் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திர வடிவத்தைப் பென்சிலால் வரையச் சொன்னார். முதல் நாள் மொலைசன் தடுமாறினார். மூன்றாம் நாள் சுத்தமாக வரைந்தார். ஆனால் அதற்கு முன் அப்படி வரைந்த நினைவே அவருக்கு இல்லை. கைப்பழக்கத்தை மூளை வேறு வழியில், வேறு இடங்களில் சேமிக்கிறது என்று அப்போது தெளிவானது. பேரனின் பெயர் தட்டுப்படாத பாட்டியின் கையில் நாரையும் பூவையும் கொடுத்தால் சரம் வளர்வது இதனால்தான். மறதி நோய் முற்றினால் இதுவும் மங்கும். ஆனால் பெரும்பாலும் பெயர்களுக்குப் பிறகுதான்.

பூ பிடிக்காதவர்களுக்கும் தாத்தாக்களுக்கும் வேறு வேலைகள் உண்டு. குருத்தோலைத் தோரணம் மடிப்பது எளிது. ஓலைக் காற்றாடி செய்தால் பேரப்பிள்ளைகள் விட்டுப் போக மாட்டார்கள். பங்குனி வாக்கில் புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் வேலை வீட்டுக்கு வீடு இருக்கும். வயர் கூடை பின்னுவது சற்று வேறு ரகம். சிவன் கண், நெல்லிக்காய் என்று பின்னல் வகைகள் அழகானவை. கணக்குப் பார்த்துப் பின்னுவதால் மனதுக்கும் வேலை. ஆனால் ஒவ்வொரு முடிச்சையும் வலுவாக இழுக்க வேண்டும். கட்டைவிரலின் அடி மூட்டுத் தேய்ந்தவர்களுக்கு அந்த இழுப்பு வலியைக் கூட்டும். அவர்களுக்குப் பூவும் ஓலையும்தான் என் தேர்வு.

தொடங்குமுன் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்திருப்பது சுகம். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நாரைக் கீழே வைத்துவிட்டு விரல்களை நன்றாக விரித்து நீட்ட வேண்டும். வேலை முடிந்து வெகுநேரம் ஆகியும் வலி இருந்தால், மறுநாள் அளவைக் குறைக்க வேண்டும்.

ஒரு சோதனையை எல்லோரும் வீட்டிலேயே செய்யலாம். கைகூப்பி வணக்கம் சொல்லும்போது இரண்டு கை விரல்களும் உள்ளங்கைகளும் முழுக்க ஒட்டுகின்றனவா? நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ள சிலருக்கு விரல் மூட்டுகள் விறைத்து, நடுவில் இடைவெளி விழும். இரவில் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். விரல் மடங்கி, சட்டென்று சொடுக்கிக்கொண்டு நிமிர்ந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டியதுதான். திடீரென்று ஒரு கை மட்டும் சொன்னபடி கேட்காவிட்டால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. தேனிக்காரர்களுக்குக் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. எழுந்து போக முடியாதவர்கள் அதைக் கேட்டுப் பெறலாம்.

பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். “நீங்க சும்மா உக்காருங்கம்மா” என்று சொல்லிக் கையிலிருக்கும் வேலையைப் பிடுங்காதீர்கள். வெள்ளிக்கிழமைக்குக் கட்டிய சரம் வாங்குவதற்குப் பதில் உதிரிப்பூவாகக் கால் கிலோ வாங்கிக்கொண்டு போய், நாரோடு அவர்கள் மடியில் கொடுங்கள்.