மொட்டைக் கழுத்துக் கோழி: குணத்தைக் காப்பது சேவலே

சித்திரை வெயிலில் கோழிகள் வாயைத் திறந்து மூச்சிரைப்பதைக் காணாத விவசாயி இல்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. உடல் சூட்டை மூச்சின் வழியாகவும், இறகு மூடாத தோலின் வழியாகவுமே அது வெளியேற்ற வேண்டும். வெயில் கடுமையானால் தீனி எடுப்பது குறையும். தீனி குறைந்தால் முட்டையும் குறையும், எடையும் ஏறாது.

நாட்டுக் கோழிகளிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காணப்படும் மொட்டைக் கழுத்துக் கோழிக்கு இந்தத் தொல்லை குறைவு. பார்வைக்கு அழகில்லை என்று பலர் இதை ஒதுக்குகிறார்கள். ஆனால், இதற்குக் கழுத்தில் மட்டுமின்றி உடலிலும் இறகு குறைவு. மொத்தத்தில் சுமார் 30 முதல் 40 சதவீதம் வரை குறைந்திருக்கும். சூடு எளிதில் வெளியேறும். இறகு வளர்க்கச் செலவாகும் புரதமும் மிச்சமாகும். உத்தரப் பிரதேசம், இசத்நகரில் உள்ள மத்திய பறவைகள் ஆராய்ச்சி நிலையம் இக்குணத்தைப் பயன்படுத்தி ‘ஹிட்காரி’ என்ற கலப்பினத்தை உருவாக்கியுள்ளது. சிறு விவசாயியும் தன் கொட்டிலிலேயே இக்குணத்தைக் கொண்டு வரலாம்.

முதல் கலப்பு

மொட்டைக் கழுத்துக்குக் காரணம் ஒரே ஒரு ஜீன். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொன்றாகக் குஞ்சுக்கு இரண்டு பங்கு வருகிறது. ஒரு பங்கு இருந்தாலே கழுத்து மொட்டையாகிவிடும்.

இரண்டு பங்கும் உள்ள ‘சுத்த’ சேவலைச் சாதாரண நாட்டுப் பெட்டைகளுடன் சேர்த்தால், பிறக்கும் குஞ்சுகள் அனைத்தும் மொட்டைக் கழுத்தாகவே இருக்கும். பொரித்த அன்றே இதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். 8 முதல் 10 பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும்.

இரண்டாம் தலைமுறையில் ஏமாற்றம்

இந்தக் கலப்புக் குஞ்சுகள் வளர்ந்து தங்களுக்குள் இணைந்தால்தான் சிக்கல். அடுத்த முறை பொரிக்கும் 100 குஞ்சுகளில் ஏறத்தாழ 25, கழுத்து நிறைய இறகுடன் பிறக்கும். ‘இனம் கெட்டுவிட்டது’ என்று சிலர் எல்லாவற்றையும் விற்றுவிடுகிறார்கள். இனம் கெடவில்லை, பெற்றோரிடம் மறைந்திருந்த குணம் வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். மீதி 75-ல் சுமார் 50 ஒரு பங்கு உள்ளவை, 25 சுத்தமானவை.

இரண்டையும் பிரித்தறிய அடையாளம் உண்டு. கழுத்தின் முன்புறம், இரைப்பைக்கு மேலே சிறு இறகுக் கொத்து இருந்தால் அது ஒரு பங்குக் கோழி. கொத்து இல்லாமல், அல்லது ஓரிரு இறகு மட்டும் இருந்தால் அது சுத்தமானது.

சந்தேகம் இருந்தால் சேவலைச் சோதிக்கலாம். கழுத்தில் இறகுள்ள பெட்டைகளுடன் சேர்த்து 15 குஞ்சுகள் பொரிக்கட்டும். ஒரு குஞ்சு இறகுக் கழுத்துடன் வந்தாலும் சேவல் சுத்தமல்ல. பதினைந்தும் மொட்டையானால் அதை நம்பி வைத்துக்கொள்ளலாம். சுத்தமான சேவல் இருக்கும் வரை, பெட்டை எதுவானாலும் குஞ்சுகள் மொட்டைக் கழுத்தாகவே வரும்.

பழைய சேவலின் வாரிசு

சோதனை தவறுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒருமுறை இணைந்த பெட்டையின் உடலில் சேவலின் விந்து இரண்டு, மூன்று வாரங்கள் உயிருடன் தங்கும். ஆகவே பழைய சேவலை விலக்கி மூன்று வாரங்கள் கழித்தே புதுச் சேவலின் முட்டைகளை அடைக்கு எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சேவல் உள்ளே வராதபடி படல் கட்டுவதும் அவசியம்.

முதலில் விற்பது எதை?

பண்டிகைக் காலத்தில் வியாபாரி முதலில் கேட்பது பெரிய சேவலைத்தான். கைக்குக் காசு வருகிறதே என்று அதைக் கொடுத்துவிட்டால், கொட்டிலில் மிஞ்சும் சோனிச் சேவலே அடுத்த ஆண்டுக் குஞ்சுகளுக்குத் தந்தையாகிறது. பல வீடுகளில் நாட்டுக் கோழி வருடத்துக்கு வருடம் சிறுத்துப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல சேவல் ஒன்றுக்குக் காலில் வளையம் போட்டு, ‘இது விற்பனைக்கல்ல’ என்று முடிவு செய்துவிட வேண்டும்.

அதே சேவல் தன் குஞ்சுகளுடனேயே இணைந்தால் பொரிப்பும் வீரியமும் குறையும். இருவர் இக்கோழியை வளர்த்தால், ஆண்டுக்கு ஒருமுறை சுத்தச் சேவல்களை மாற்றிக்கொள்வது செலவில்லாத வழி.

கவனிக்க வேண்டியவை

* மொட்டைக் கழுத்துக் குஞ்சுகள் குளிர் தாங்கா. மழை, பனிக் காலங்களில் முதல் சில வாரங்கள் கூடுதல் கதகதப்பு தேவை.

* எல்லாக் குணமும் இப்படி எளிதாக வராது. முட்டை எண்ணிக்கையும் உடல் எடையும் பல ஜீன்களைப் பொறுத்தவை. எண்ணியும் எடை போட்டும்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

* அதிக முட்டைக்காக வெள்ளை லெகார்ன் இனத்தைக் கலந்தால் அடை காக்கும் குணம் குறைந்துவிடும். அடைக்கோழியை நம்பியிருப்போர் யோசித்துச் செய்ய வேண்டும்.

* குட்டைக்கால் கோழியில் ஆண், பெண் இரண்டும் குட்டைக்காலாக இருக்க வேண்டாம். கருக்களில் கால் பங்கு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும்.

எந்தக் கலப்பானாலும் வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டாக வேண்டும். குணத்தைத் தேர்ந்தெடுக்க ஆண்டுகள் ஆகும். நோய் வந்தால் கொட்டில் காலியாக ஒரு வாரம் போதும்.