விசில் ஓர் அமானிதம்: கால்பந்து நடுவர் ஆவது எப்படி?

நெய்வேலி நகரியத்தில் மாலை நேரத்தில் எந்த வட்டத்துக்குப் போனாலும் ஏதாவதொரு மைதானத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களில் இருப்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை பந்தே உலகம். பிறகு கல்லூரி, வேலை என்று ஆளுக்கொரு திசை. தந்தை பணி ஓய்வு பெற்றதும் என்எல்சி குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். குடும்பம் பரங்கிப்பேட்டைக்கோ லால்பேட்டைக்கோ போய்விடும். கூடி விளையாடிய அணி அத்தோடு கலைந்துவிடும். இத்தனை ஆண்டுகள் ஆடியதெல்லாம் எதற்கு என்று பிள்ளை கேட்டால் பெற்றோரிடம் பதில் இருப்பதில்லை.

அந்தப் பிள்ளைகளில் சிலருக்காவது நல்ல வழி ஒன்று இருக்கிறது. அதுதான் நடுவர் பணி. அணி கலைந்தாலும் நடுவர் கற்ற சட்டமும் பெற்ற தகுதியும் அவரோடே வரும். அந்தத் தகுதியை எப்படிப் பெறுவது, அதற்கு என்ன பண்பு வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

தமிழகத்திலிருந்து உலகக் கோப்பை வரை

இந்திய ஆண்கள் அணி உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதிச் சுற்றில் இதுவரை ஆடியதில்லை. 1950-இல் வாய்ப்பு வந்தும் அணி பிரேசிலுக்குப் போகவில்லை. ஆனால் இந்திய நடுவர் ஒருவர் அந்த மைதானத்தில் நின்றிருக்கிறார். தமிழகத்தைச் சேர்ந்த கோமலீஸ்வரன் சங்கர், தென்கொரியாவும் ஜப்பானும் சேர்ந்து நடத்திய 2002 உலகக் கோப்பையில் உதவி நடுவராகப் பணியாற்றினார். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி, 2016-இல் ஃபிஃபாவின் சர்வதேச நடுவர் பட்டியலில் இடம்பெற்றார். நாடு அணியாகப் போக முடியாத இடத்துக்கு, விதியைக் கற்ற ஒருவர் தனியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

படிகள் என்ன?

முதல் படி, படிப்பு. கால்பந்துக்கு மொத்தம் 17 சட்டங்கள். இவற்றை வகுக்கும் சர்வதேச வாரியம் ஆண்டுதோறும் திருத்தங்களை வெளியிடுகிறது. சட்டநூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பத்தாண்டு விளையாடியவர்கள்கூட ஆஃப்சைடு சட்டத்தை முழுமையாக அறிந்திருப்பதில்லை. ஆஃப்சைடு இடத்தில் நிற்பது மட்டும் குற்றம் ஆகாது. அங்கிருந்து ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். இத்தகைய நுணுக்கங்களைத்தான் எழுத்துத் தேர்வில் கேட்பார்கள்.

இரண்டாவது, பதிவு. மாவட்டக் கால்பந்துச் சங்கத்தையோ நடுவர் அமைப்பையோ அணுகி, புதியவர்களுக்கான பயிற்சி வகுப்பு எப்போது என்று விசாரிக்க வேண்டும். எழுத்துத் தேர்வு, களப்பயிற்சி, உடற்தகுதி ஆகியவற்றில் தேறினால் பள்ளி, கல்லூரி, மாவட்ட அளவிலான ஆட்டங்கள் கிடைக்கும். தொடக்கத்தில் பெரும்பாலும் கோட்டோரம் கொடி பிடிக்கும் வேலைதான். மூத்தவர்கள் பார்த்து மதிப்பிடுவார்கள். அதன்பின் மாநிலம், பிறகு தேசிய அளவு. தேசியச் சம்மேளனம் பரிந்துரைப்பவர்களில் தகுதியானவர்களை ஃபிஃபா தன் பட்டியலில் சேர்க்கும். அதற்கு நடுவருக்குக் குறைந்தது 25 வயதும் உதவி நடுவருக்கு 23 வயதும் ஆகியிருக்க வேண்டும். அந்தச் சின்னத்துக்கு ஓராண்டுதான் ஆயுள். ஒவ்வோர் ஆண்டும் தகுதியைப் புதிதாக நிரூபிக்க வேண்டும்.

மூன்றாவது, உடல். ஒரு ஆட்டத்தில் நடுவர் 10 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டியிருக்கும். சர்வதேச ஆண் நடுவருக்கான தேர்வில் 40 மீட்டரை 6 வினாடிக்குள் ஆறு முறை ஓட வேண்டும். அடுத்து, 75 மீட்டரை 15 வினாடியில் ஓடி, 25 மீட்டரை 18 வினாடியில் நடக்க வேண்டும். இப்படி 40 முறை. கணக்குப் பார்த்தால் 4 கிலோமீட்டர். வெயில் கொளுத்தும் நம் ஊரில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு ஓடப் பழகும் பிள்ளைக்கு இது எட்டாத இலக்கு அல்ல.

ஒன்றைப் பெற்றோரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இது தொடக்கத்திலேயே மாதச் சம்பளம் தரும் வேலை அல்ல. ஆட்டத்துக்கு இவ்வளவு என்றுதான் படி கிடைக்கும். பெரும்பாலான நடுவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டேதான் விசில் ஊதுகிறார்கள். ஆகவே பட்டப்படிப்பை விடாமல், அதோடு சேர்த்தே இதைக் கற்க வேண்டும்.

கோபமும் சொந்தமும்

'விளையாட்டுதானே, இதில் மார்க்கம் எங்கே வந்தது?' என்று சிலர் கேட்கலாம். நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு நீண்ட தூரம், பயிற்சி பெறாதவற்றுக்குக் குறைந்த தூரம் என்று வெவ்வேறு எல்லைகளை வகுத்தார்கள் என்று புகாரியில் காண்கிறோம். போட்டி நியாயமாக நடக்க வேண்டும் என்ற கவனம் அதில் தெரிகிறது.

மைதானத்து நடுவர் காழி அல்லர். ஆனால் இரண்டு தரப்புக்கு நடுவில் நிற்பவர். தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதியில் நிலைத்து நிற்க வேண்டும் என்பது 4:135 வசனத்தின் கட்டளை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை அநீதிக்குத் தள்ளிவிடக் கூடாது என்பது 5:8 வசனத்தின் எச்சரிக்கை. பெனால்டி கொடுக்க வேண்டிய அணியில் சொந்தத் தம்பி ஆடும்போதுதான் இவற்றின் கனம் புரியும். கோபத்தில் இருக்கும்போது தீர்ப்பளிக்கக் கூடாது என்ற நபிமொழியோ, கூட்டமே கூச்சலிடும்போது நடுவருக்குத் தேவைப்படும் முதல் பாடம்.

கால்பந்தின் ஐந்தாம் சட்டத்தில் ஒரு விதி உண்டு. தம் முடிவு தவறென்று உணர்ந்தால், ஆட்டம் மீண்டும் தொடங்குவதற்குள் நடுவர் அதை மாற்றிக்கொள்ளலாம். தொடங்கிவிட்டால் முடியாது. அளித்த தீர்ப்பு தவறென்று தெரிந்தால் உண்மையின் பக்கம் திரும்பத் தயங்கக் கூடாது என்று உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியது இங்கே நினைவுக்கு வருகிறது. பிடிவாதத்தை உறுதி என்று எண்ணிக்கொள்ளும் வயதில், நம் பிள்ளைகள் இதைப் பழகுவது பெரிய வரம்.

பெண் பிள்ளைகளும் நோன்பும்

தலையை மறைத்து ஆடுவதற்குக் கால்பந்துச் சட்டம் 2014-இல் முறைப்படி அனுமதி தந்தது. ஃபலஸ்தீனைச் சேர்ந்த ஹிபா சஅதிய்யா ஹிஜாபுடனே 2023 மகளிர் உலகக் கோப்பையில் உதவி நடுவராகப் பணியாற்றினார். எனவே உடையைக் காரணம் காட்டி ஆர்வமுள்ள பெண்ணைத் தடுக்க வேண்டியதில்லை. பாதுகாப்பான பயணத்துக்கும் தனி உடைமாற்றும் அறைக்கும் ஏற்பாடு உண்டா என்று விசாரிப்பது பெற்றோரின் பொறுப்பு.

2021 ஏப்ரலில், இங்கிலாந்தின் லெஸ்டர் அணியும் கிரிஸ்டல் பேலஸ் அணியும் மோதிய ஆட்டத்தில், நோன்பிருந்த வீரர்கள் இஃப்தார் செய்வதற்காக ஆட்டம் சற்றே நிறுத்தப்பட்டது. அணித்தலைவர்களும் நடுவரும் முன்கூட்டியே பேசி வைத்திருந்ததால் ஒரு சலசலப்பும் இல்லை. தொழுகை நேரத்தையும் இப்படி முன்னதாகவே திட்டமிட்டுக்கொள்ளலாம்.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

பெருநாள் விடுமுறையில் நம் இளைஞர்கள் நடத்தும் போட்டிகள் பல நேரம் வாக்குவாதத்தில் முடிவதற்கு ஒரு காரணம், ஆடும் அணியைச் சேர்ந்தவரிடமே விசிலைக் கொடுப்பதுதான். அடுத்த போட்டிக்குத் தகுதி பெற்ற வெளி நடுவரை அழைப்போம். அவருக்கு உரிய படியைத் தயங்காமல் கொடுப்போம். நம் பிள்ளைகளில் ஆர்வமுள்ள இருவரைக் கொடி பிடிக்க அவரோடு நிறுத்துவோம். அவர் தரும் முடிவு நம் அணிக்குப் பாதகமாக இருந்தாலும் பெரியவர்கள் முதலில் அமைதி காப்போம். அதைப் பார்த்து வளரும் பிள்ளை, இன்ஷா அல்லாஹ், நாளை எந்த ஊர் மைதானத்திலும் நம்பிக்கையோடு விசில் ஊதும்.