திறவுகோலை அனுப்பாமலே பூட்டைத் திறப்பது எப்படி?

கைப்பேசியிலிருந்தோ கணிப்பொறியிலிருந்தோ ஒரு கோப்பை நண்பருக்கு அனுப்புகிறீர்கள். வீட்டுப் பத்திரத்தின் படமாக இருக்கலாம். தாயாரின் மருத்துவ அறிக்கையாக இருக்கலாம். அது நேரே அவரிடம் போய்ச் சேருவதில்லை. வழியில் பல இயந்திரங்கள் அதை வாங்கி வாங்கி அடுத்ததற்குத் தள்ளுகின்றன. அவற்றுள் எதிலிருந்தும் ஒருவன் உள்ளே எட்டிப் பார்க்கக்கூடும். ஆகவே கோப்பைப் பூட்டித்தான் அனுப்ப வேண்டும். ஆனால் திறவுகோலை நண்பரிடம் சேர்ப்பது எங்ஙனம்? அதையும் இதே வழியில் அனுப்பினால், பார்ப்பவன் அதையும் எடுத்துக்கொள்வான் அன்றோ?

நெடுங்காலம் திறவுகோலை நம்பிக்கையான ஆளிடம் கொடுத்தனுப்பி வந்தார்கள். 1976இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் புதுவழி ஒன்றை வெளியிட்டனர். திறவுகோலை அனுப்பவே வேண்டாம். இருவரும் தத்தம் இடத்திலேயே அதை உண்டாக்கிக்கொள்ளலாம் என்றனர். (பிரிட்டிஷ் உளவுத்துறைக் கணித அறிஞர்கள் இதைச் சற்று முன்னரே கண்டிருந்தனர். அச்செய்தி 1997இல்தான் வெளிவந்தது.)

காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 3, 17 என்னும் எண்களை ஊரறியச் சொல்லிவிடுவோம். நீங்கள் மனத்துக்குள் 6 என்று நினைக்கிறீர்கள். ஆறு 3களைப் பெருக்கினால் 729. 17ஆல் வகுத்தால் மீதி 15. இந்த 15ஐ மட்டும் நண்பருக்கு அனுப்புங்கள். அவர் நினைத்தது 4. நான்கு 3களின் பெருக்கல் 81, மீதி 13. அதை அவர் உங்களுக்கு அனுப்புகிறார். இனி, வந்த 13ஐ ஆறு முறை எழுதிப் பெருக்குங்கள்: 48,26,809. 17ஆல் வகுக்க மீதி 16. அவர் நான்கு 15களைப் பெருக்குகிறார்: 50,625. மீதி அதே 16! இருவர் கணக்கிலும் உள்ளவை 24 மூன்றுகளே. பெருக்கிய வரிசைதான் வேறு. 16 என்ற எண் வழியில் செல்லவே இல்லை. அதுவே திறவுகோல்.

17 சிறிய எண்ணாதலால், ஒட்டுக் கேட்பவன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே உங்கள் 6ஐக் கண்டுவிடுவான். 617 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணை எடுத்தால்? பெருக்கி மீதி காண்பது கணிப்பொறிக்கு நொடிப்பொழுது வேலை. மீதியிலிருந்து பின்னோக்கிச் செல்ல, இன்றைய கணிப்பொறிகளுக்கு ஏற்ற விரைவான வழியை யாரும் கண்டறியவில்லை. (பெரிய குவாண்டம் கணிப்பொறி வந்தால் நிலைமை மாறும், அது தனிக் கதை.)

ஆயினும் இக்கணக்கு ஒன்றை மட்டும் சொல்லாது: எதிரில் இருப்பவர் யார்? நடுவில் ஒருவன் அமர்ந்து, உங்களிடம் நண்பராகவும் நண்பரிடம் நீங்களாகவும் நடித்துக் கணக்குப் போட்டால், இரு திறவுகோல்களும் அவன் கையில். கோப்பைத் திறந்து படித்து, மீண்டும் பூட்டி அனுப்பிவிடுவான். இருவருக்கும் ஐயமே எழாது.

இதற்காகத்தான் சிக்னல், வாட்ஸாப் போன்ற செயலிகள் ஒவ்வொரு நண்பருக்கும் 60 இலக்க எண் ஒன்றைக் காட்டுகின்றன. என் மாணவர்களில் பலருக்கு அப்படி ஓர் எண் இருப்பதே தெரியவில்லை. நடுவில் ஆள் இருந்தால் இரு கைப்பேசிகளிலும் அந்த எண் வேறுபடும். நேரில் சந்திக்கும்போது ஒப்பிடுங்கள். இயலாவிடில் பழகிய குரலில் தொலைபேசியில் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதே செயலியில் எழுதி அனுப்பிப் பயனில்லை. நடுவில் இருப்பவன் அந்த எண்ணையும் மாற்றிவிடுவான். நண்பர் புதுக் கைப்பேசி வாங்கினால் எண் மாறக்கூடும்; மாறினால் மீண்டும் ஒருமுறை ஒப்பிட வேண்டும்.