விண்ணகத் தூதும் முதியோரும்



அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு அருகே உள்ள நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மாணவர் சிலர் கூடுவதுண்டு. ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும்கூட இரண்டொருவர் வருவார்கள். விஞ்ஞானக் கதை ஒன்றைப் படித்து, அதில் விஞ்ஞானம் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று விவாதிப்போம். நான் பௌதிக ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன், வயது 66. கதைகளில் வரும் கணக்குகளைச் சரிபார்ப்பது என் பங்கு.

அண்மையில் வேற்றுக் கிரகவாசி ஒருவன் பூமிக்கு வரும் கதையைப் படித்தோம். படித்து முடித்ததும் ஆவடி மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவ்வளவு பெரிய சம்பவத்துக்குப் போயும் போயும் ஒரு வயதான வாத்தியாரையா கதாநாயகராக்குவது? அவரால் ஓடவும் முடியாது, போராடவும் முடியாது" என்றான். எதிரில் அமர்ந்திருப்பவனும் ஒரு வயதான வாத்தியாரே என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது போலும், நாக்கைக் கடித்துக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆயினும் ஏரிக்கரையோரமாக வீடு திரும்பும்போது அக்கேள்வி என்னை விடவில்லை. அவன் கேட்டது கதையைப் பற்றி மட்டுமன்று. இனிவரும் காலத்தில் முதியவருக்கு என்ன வேலை என்பதும் அதில் அடங்கியிருந்தது. அவனுக்கு நான் சொல்ல விரும்பும் விடையே இந்தப் பேச்சு.

நாங்கள் படித்த கதை, சத்யஜித் ராய் வங்காளியில் எழுதிய 'பங்குபாபுவின் நண்பன்'. திரைப்பட மேதையாக உலகம் அறிந்த ராய், தம் பாட்டனார் தொடங்கிய 'சந்தேஷ்' என்ற சிறுவர் பத்திரிகையை 1961இல் மீண்டும் உயிர்ப்பித்தார். மறு ஆண்டு அதில் இக்கதை வெளிவந்தது. பங்குபாபு சிற்றூர்த் தொடக்கப் பள்ளியொன்றில் 22 ஆண்டுகளாகப் பூகோளமும் வங்காளியும் கற்பித்து வருபவர், மிகவும் சாது. மாணவர்கள் அவரைக் கேலி செய்கிறார்கள். மாலையில் வக்கீல் வீட்டில் கூடும் பெரியவர்களோ அதைவிடக் கொடுமையாகக் கேலி செய்கிறார்கள். அவர் எதையும் பொறுத்துக்கொள்கிறார். ஓர் இரவு, மூங்கில் தோப்பு ஒன்றைக் கடக்கையில் கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணம் போன்ற விண்கலம் ஒன்றைக் காண்கிறார். அதிலிருந்து இறங்கி வருகிறது 'ஆங்' என்னும் வேற்றுலக உயிர்.

பங்குபாபு ஓடவில்லை, கல்லெறியவுமில்லை. வந்தவனோடு உரையாடுகிறார். ஆயுளெல்லாம் பூகோளம் கற்பித்தும் காணக் கிடைக்காத வடதுருவத்தையும் பிரேசில் காட்டையும் ஆங் தன் கருவியின் வழியே அவருக்குக் காட்டுகிறான். பிறகு, அவமானத்தை வாய்மூடித் தாங்குவது எந்த உயிருக்கும் அழகல்ல என்று நயமாக எடுத்துரைக்கிறான். பங்குபாபு வக்கீல் வீட்டுக்குச் சென்று, இத்தனை நாளும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டு, அந்தக் கூட்டத்துக்கே விடை கொடுக்கிறார். நட்சத்திரங்களுக்கு அப்பாலிருந்து வந்த விருந்தாளியால் உலகம் மாறவில்லை; ஓர் ஆசிரியரின் முதுகெலும்பு நிமிர்ந்தது.

இக்கதை தனித்து நிற்பதன்று. ராய் படைத்த மற்றொரு பாத்திரமான பேராசிரியர் ஷோங்கு, செவ்வாய்க் கிரகத்துக்குப் பிரயாணம் செய்யும் முதிய விஞ்ஞானி. 1968இல் வெளிவந்த, போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்லாவ் லெமின் 'தலைவனின் குரல்' என்னும் நாவலில், விண்ணிலிருந்து வந்த செய்தியொன்றை அறிஞர் பலர் கூடி ஆராய்ந்த வரலாற்றை ஒரு கணித மேதை தம் முதுமையில் எழுதுகிறார். செய்தியின் பொருள் தமக்கு விளங்கவில்லை என்று வெட்கமின்றி ஒப்புக்கொள்வதே அவருடைய பெருமை. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் கிளார்க், இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து உருவாக்கிய 1968ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும், வியாழனுக்கு அப்பால் சென்ற விண்வெளி வீரன் முடிவில் தன்னையே முதியவனாகக் காண்கிறான்.

இக்கதைகளில் முதியவர்கள் வரக் காரணம் என்ன? இரண்டு காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன.

முதலாவது, சந்திப்பு வேறு, சண்டை வேறு. 1898இல் நூலாக வெளிவந்த ஹெச். ஜி. வெல்ஸின் கதையில் செவ்வாய்க் கிரகத்தார் படையெடுத்து வந்தார்கள். படையெடுப்பு என்றால் கால்வலியும் தோள்வலியும் வேண்டும். ஆனால் வந்தவன் பேச வந்தவனானால், வேண்டுவது தூதுக்குரிய குணம். திருவள்ளுவர் தூதுக்கென்றே 69ஆம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறார். அன்பு, அறிவு, எண்ணிப் பேசும் திறம், அஞ்சாமை, இடமும் காலமும் அறிதல் ஆகியவற்றை அங்கே காணலாம். ஓட்டமும் மற்போரும் அங்கே இல்லை.

நம் பகுதிக்கே உரிய சான்றும் உண்டு. பூந்தமல்லியும் அம்பத்தூரும் பழைய தொண்டை நாட்டைச் சேர்ந்தவை. அந்நாட்டு மன்னன் தொண்டைமானிடம், அதியமானின் தூதாக வந்தவர் ஔவையார். அவன் தன் ஆயுதசாலையைக் காட்டினான். ஔவையாரோ, பளபளக்கும் அவ்வாயுதங்களைப் புகழ்வது போலவே, போர்க்களத்தில் நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கும் அதியமானின் வேல்களை நினைவூட்டினார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது. அப்போது அவருக்கு வயது என்ன என்பதைப் பாட்டு சொல்லவில்லை. ஆனால் தமிழ் மக்களின் மனம் அவரை மூதாட்டியாகவே கண்டு வந்திருக்கிறது. கத்தியில்லாமல் பகைவன் அவைக்குள் நுழைந்து, சொல்லால் காரியம் முடிப்பவருக்கு நரை பொருந்தும் என்று நம் முன்னோர் எண்ணினர் போலும்.

இரண்டாவது காரணம் கற்பனையைச் சேர்ந்ததன்று. அது வெறும் கணக்கு. ஒளியும் ரேடியோ அலையும் விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்கின்றன. ஓராண்டில் அவை செல்லும் தூரம் ஓர் ஒளி ஆண்டு, ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். சூரியனைப் போன்ற அண்டை நட்சத்திரங்களில் ஒன்றான தௌ சீட்டி சுமார் 12 ஒளி ஆண்டு தொலைவில் இருக்கிறது. இன்று நாம் "நலமா?" என்று கேட்டால், கேள்வி அங்கே போய்ச் சேர 12 ஆண்டு, அங்கே எவரேனும் இருந்து உடனே விடை சொன்னாலும் அது திரும்பி வர இன்னும் 12 ஆண்டு. 40 வயதில் கேட்டவர் 64 வயதில் விடை பெறுவார். ஆகவே, நண்பர்களே, இத்தகைய உரையாடலில் கேள்வி கேட்டவர் இளைஞராகவே இருந்தாலும், விடையைப் பெறுபவர் இளமையைக் கடந்தவராகத்தான் இருக்க முடியும்.

ஆவடியில் வானொலியின் சிற்றலை ஒலிபரப்பிகள் பல்லாண்டு இயங்கின. அந்த ஒலியெல்லாம் விண்ணுக்குப் போயிருக்குமே என்று பூந்தமல்லி மாணவி ஒருத்தி கேட்டாள். பெரும்பாலும் போயிராது. வானத்தின் மேற்பகுதியில் உள்ள அயனி மண்டலம் சிற்றலைகளைப் பூமிக்கே திருப்பி அனுப்புகிறது. தொலை நாடுகளில் அவற்றைக் கேட்க முடிந்ததும் அதனாலேயே. அதைத் துளைத்துக்கொண்டு வெளியே செல்வன தொலைக்காட்சி, ராடார் முதலியவற்றின் இன்னும் குறுகிய அலைகள்.

கேட்கும் முயற்சியை மனிதர் உண்மையிலேயே தொடங்கியதும் உண்டு. 1960 ஏப்ரலில், அமெரிக்காவின் கிரீன் பாங்க் என்னுமிடத்தில், ஃபிராங்க் டிரேக் என்ற 29 வயது விஞ்ஞானி ரேடியோ தொலைநோக்கி ஒன்றைத் தௌ சீட்டியையும் எப்சிலான் எரிடனி என்ற மற்றொரு நட்சத்திரத்தையும் நோக்கித் திருப்பினார். செய்தி எதுவும் வரவில்லை. அவர் சலிக்கவில்லை. 1974இல் அரிசிபோ தொலைநோக்கியிலிருந்து, சுமார் 25,000 ஒளி ஆண்டு தொலைவிலுள்ள நட்சத்திரக் கூட்டம் ஒன்றுக்கு ஒரு செய்தியை அனுப்பினார். அதற்கு விடை வருவதானால் 50,000 ஆண்டு ஆகும்! 2022இல், 92ஆம் வயதில், விடை எதையும் கேளாமலே அவர் மறைந்தார். கதைகளில் வரும் முதியவரை நான் கற்பனை என்று தள்ளாததற்கு இவ்வாழ்க்கையே காரணம்.

1977இல் வாயேஜர் விண்கலங்கள் இரண்டும் பூமியின் ஒலிகளைப் பதித்த தகடுகளைச் சுமந்து சென்றன. அதில் நம் நாட்டு இசைக்காக இடம்பெற்றது, 1892இல் பிறந்த கேசர்பாய் கேர்க்கரின் பாட்டு. இரண்டாம் கலமும் புறப்பட்ட சில நாட்களில் அவ்வம்மையார் காலமானார். அவர் குரல் இன்றும் சூரிய மண்டலத்தைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறது.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் இயங்கி வருகிறது. அது வேற்றுலகத்தாரைத் தேட அமைந்ததன்று. விண்ணிலிருந்து இயற்கையாக வரும் ரேடியோ அலைகளை ஆராய்வது. பூமத்திய ரேகையிலிருந்து அவ்விடம் எத்தனை பாகை வடக்கே இருக்கிறதோ, அத்தனை பாகை சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதை நிறுவினார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே பொருளைப் பல மணி நேரம் தொடர்ந்து கவனிக்க முடிகிறது. இதற்குத் தலைமை தாங்கிய கோவிந்த் ஸ்வரூப் 1929இல் பிறந்தவர். தம் அறுபதுகளில் அவர் ஓய்ந்துவிடவில்லை. புனேக்கு அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளைக் கொண்ட மாபெரும் தொலைநோக்கியை உருவாக்கும் பணியை முன்னின்று நடத்தினார். 2020இல் அவர் மறைந்தார். இரண்டு தொலைநோக்கிகளும் இளைஞர் கைகளில் இயங்கிக்கொண்டிருக்கின்றன.

முதுமை என்றாலே ஞானம் என்று நான் சாதிப்பதாக எண்ண வேண்டாம். பங்குபாபுவைப் பரிகசித்தவர்களும் வயதில் பெரியவர்களே. வேற்றுலகத்தான் வந்தால் இந்தப் பட்டிக்காட்டுக்கா வருவான் என்று அவர்கள் நகைத்தார்கள். ஏன் வரக்கூடாது என்று கேட்டவர் அவர் ஒருவரே. அவர்கள் மனம் மூடிக்கொண்டது. அவர் மனம் திறந்திருந்தது. நரைத்த பிறகும் வியக்கத் தெரிந்தவர்தாம் இக்கதைகளின் நாயகர். அந்த வியப்பு அறுபதில் திடீரென்று முளைப்பதன்று. பதினாறில் இருந்ததைக் காத்து வைத்துக்கொள்வது.

ஆவடி மாணவனுக்குச் சொல்ல எனக்கு ஒரு கணக்கு மீதமிருக்கிறது. இன்றிரவு தௌ சீட்டிக்கு நான் ஒரு கேள்வி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். விடை வரும்போது எனக்கு வயது 90. நான் இருப்பேனா என்பது நிச்சயமில்லை. தம்பி, உனக்கு இன்று 16, அன்று 40. கேள்வி என்னுடையதாக இருக்கலாம். காத்திருந்து காது கொடுத்துக் கேட்க வேண்டியவன் நீ. கேட்டதை வேறொரு பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லும் நாளில், நீயும் ஒரு வயதான வாத்தியாராக இருப்பாய். அப்போது அப்பிள்ளை உன்னைப் பார்த்துச் சிரித்தால், நீயும் சேர்ந்து சிரி. பிறகு கணக்கை விளக்கு.