தலைத் தழும்பை மறைக்கும் பச்சை: குத்துவதற்கு முன் அறிய வேண்டியவை

சலூன் கதிரையில் அமர்ந்ததும் முதலில் வரும் கேள்வி இதுதான்: "அண்ணை, இது என்ன காயம்?"

2009 ஆம் ஆண்டு மாத்தளனில் எறிகணைச் சிதறல் ஒன்று என் தலையின் இடப்பக்கத்தைக் கிழித்துச் சென்றது. காயம் ஆறிவிட்டது. ஆனால் மூன்று விரல் நீளத்துக்கு இன்றுவரை முடி முளைக்கவில்லை. போர் முடிந்த பின் முகாமிலும் சோதனைச் சாவடிகளிலும் அந்தத் தழும்பைக் காட்டித்தான் "நீ இயக்கமா?" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து தொப்பி இல்லாமல் நான் வெளியே போனது குறைவு.

தலையில் பச்சை குத்தி வழுக்கையையும் தழும்பையும் மறைக்கலாம் என்று அண்மையில் உறவினர் ஒருவர் சொன்னார். அதைப் பற்றித் தேடியும் வைத்தியரிடம் கேட்டும் அறிந்ததை, என்னைப் போன்றவர்களுக்காக எழுதுகிறேன்.

எப்படிச் செய்கிறார்கள்?

மிக நுண்ணிய ஊசியால் தலைத்தோலில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் குத்தப்படுகின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஒட்ட வெட்டிய முடியின் அடியைப் போலத் தெரியும். வழமையான பச்சையை விட ஆழம் குறைவாகவே மை விடப்படும். ஆழம் கூடினால் மை பரவி, நீலம் பாய்ந்த கறையாகிவிடும். பொதுவாக இரண்டு முதல் நான்கு தடவைகள் போக வேண்டும். மை சில ஆண்டுகளில் மங்கும். கடும் வெயில் அதை இன்னும் விரைவாக மங்கச் செய்யும். பிறகு மீண்டும் குத்த வேண்டும், மீண்டும் செலவு.

இதனால் முடி முளைக்காது. நிறம் மட்டுமே மாறும், தழும்பின் மேடுபள்ளம் அப்படியே இருக்கும். சுற்றியுள்ள முடியையும் கட்டையாக வைத்திருந்தால்தான் பொருந்தும். நாளை முடி நரைத்தாலும் புள்ளிகள் நரைக்காது.

காயத் தழும்பு வேறு

தழும்புத் தோல் எல்லா இடத்திலும் ஒரே அளவாக மையைப் பிடிப்பதில்லை. ஓரிடத்தில் மை நிற்காது, இன்னோரிடத்தில் பரவும். ஆகவே முதலில் சிறு இடத்தில் குத்திப் பார்ப்பதே நல்லது. காயம் ஆறினால் தடித்து வளரும் தழும்பு வருகிற உடல்வாகு உள்ளவர்கள் தோல் வைத்திய நிபுணரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

வட்ட வட்டமாகத் திடீரென முடி கொட்டினால் அது புழுவெட்டாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, மறைக்கும் முன் வைத்தியரிடம் காட்டுங்கள்.

உள்ளே இரும்பு இருக்கிறதா?

கொழும்பில் நான் முதலில் போன இடத்தில் விலையைச் சொன்னார்கள், நாளைக் குறித்தார்கள். காயம் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன். பின்னர் பார்த்த தோல் வைத்தியர் முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நெல்மணி அளவில் ஒரு துண்டு உள்ளே இருந்தது. ஊசி அந்த ஆழத்துக்குப் போகாது, தொல்லை தராதவரை அதை விட்டுவிடலாம் என்றார். ஆனால் எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம். அதன் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடும். குத்திய பச்சையையும் சொல்ல வேண்டும்.

மண்டையோட்டில் எலும்பு அகற்றப்பட்டவர்கள் சத்திரசிகிச்சை நிபுணரின் அனுமதி இல்லாமல் குத்தவே கூடாது. தழும்பில் வலி, வீக்கம், சீழ் இருந்தாலும் அப்படியே.

ஊசி புதியதா, உங்கள் கண் முன்னே பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். ஒருவருக்குப் பாவித்த ஊசியால் ஹெப்பரைற்றிஸ் பி, சி, எச்.ஐ.வி. தொற்றலாம். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

நான் இப்போது தழும்பின் ஓரத்தில் சில புள்ளிகள் மட்டும் குத்தியிருக்கிறேன். மை எப்படி நிற்கிறது என்று பார்த்த பிறகே மிச்சம். மறைப்பதால் நடந்தது இல்லாமல் போகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கதையை யாருக்கு, எப்போது சொல்வது என்பதை இனியாவது நானே முடிவு செய்ய விரும்புகிறேன்.