பழைய கடிதங்களைக் கழித்துக் கட்டும் முன்

போகிக்கு முன்போ வீடு மாறும்போதோ பரணிலிருந்து இறங்கும் தகரப் பெட்டியில் நிலப் பத்திரங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, கடிதங்களையும் டைரிகளையும் கணக்கு நோட்டுகளையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறோம். எது முக்கியம், எது குப்பை என்று அந்த அவசரத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறாகவே இருக்கும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பே இதற்குச் சாட்சி. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த பிள்ளை, 1736இல் தொடங்கி 1761இல் இறக்கும்வரை எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, வியாபாரம் எப்படிப் போனது, ஆளுநரின் மனைவி யாரிடம் என்ன சொன்னார் என்று அன்றாடச் சங்கதிகளே அதில் நிறைந்திருக்கின்றன. பிரெஞ்சு வணிகக் கும்பினியின் ஆவணங்கள் மேலதிகாரிகளுக்காக எழுதப்பட்டவை. அவை சொல்லாமல் விட்ட பேச்சும் பயமும் பிள்ளையின் ஏடுகளில்தான் கிடைக்கின்றன.

அந்த ஏடுகள் தப்பியது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். அவர் இறந்து 85 ஆண்டுகள் கழித்து, 1846இல், காலுவா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரரின் கண்ணில் பட்டுப் படியெடுக்கப்பட்டன. ஏரியல் என்பவர் எடுத்த படி பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போனது. 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தபோதும், இடையிடையே மாதக்கணக்கான குறிப்புகள் கிடைக்கவில்லை. குடும்பம் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் வீடு ஆவணக் காப்பகம் ஆகாது. ஆகவே, குடும்பத் தாள்களை ஒரு நல்ல நூலகத்திடமோ காப்பகத்திடமோ ஒப்படைப்பதே சரியான வழி என்பது என் கருத்து. பழந்தமிழ் ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைச் சேர்த்து வைத்தார். அவர் பெயரில் சென்னையில் இயங்கும் நூல் நிலையம் அவற்றைக் காத்துவருகிறது. அவர் ஏடு தேடிய கதையை எதிர்முனையிலிருந்தவர்களின் வார்த்தையிலேயே நம்மால் இன்று படிக்க முடிவது அதனால்தான்.

"அவர்கள் பெரிய மனிதர்கள், எங்கள் தாத்தா சாதாரண குமாஸ்தா" என்பார்கள். அதனால்தான் அவர் தாள்கள் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகின்றன. பெரியவர்களைப் பற்றி அரசும் பத்திரிகையும் எழுதி வைத்திருக்கும். ரங்கூனிலிருந்தோ மலாயாவிலிருந்தோ ஒருவர் ஊருக்கு எவ்வளவு பணம் அனுப்பினார், மகளை எந்த வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள், ஒரு கல்யாணத்துக்கு எவ்வளவு கடன் வாங்கினார்கள் என்பதெல்லாம் குடும்பக் கடிதங்களை விட்டால் வேறு எங்கும் கிடைப்பது அரிது. இப்படிப்பட்ட சாதாரணத் தாள்களின் அருமை அறிந்த கோட்டையூர் ரோஜா முத்தையா, நூல்களோடு அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தவர். 1992இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று.

இதைவிடக் கனமான ஆட்சேபம் அந்தரங்கம் பற்றியது. வீட்டுச் சண்டையும் நோயும் கடனும் ஊர் பார்க்க வேண்டுமா? நியாயமான கேள்விதான். ஆனால், கொடுப்பது வேறு, திறந்து வைப்பது வேறு. இத்தனை ஆண்டுகளுக்கு இந்தக் கட்டை யாருக்கும் காட்டக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. கிழித்துப் போட்ட கடிதத்துக்கு அப்படி ஒரு வழி கிடையாது. போனில் படம் பிடித்தால் போதாதா என்பார்கள். படம் அவசியம், ஒரு பிரதி குடும்பத்திடமும் இருக்கட்டும். ஆனால் எழுத்தை மட்டும் பிடித்த படத்தில் உறையும் அஞ்சல் முத்திரையும் விடுபட்டுவிடும். தேதி போடாத கடிதத்துக்கு அந்த முத்திரைதான் தேதி.

கொடுக்கும்வரை சில காரியங்கள் போதும். துருப்பிடித்த குண்டூசியைத் தாள் கிழியாமல் எடுங்கள். செலோ டேப் ஒட்டாதீர்கள். லாமினேஷன் வேண்டவே வேண்டாம், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. கட்டியிருந்த வரிசையைக் கலைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கடிதத்தில் வரும் "சின்னத்தை" யார், "மேல வீட்டார்" யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே அவரை உட்கார வைத்துக் கேட்டு, தனித் தாளில் எழுதிச் சேர்த்து, காப்பகத்திடம் கொடுங்கள்.