அமெரிக்கக் கால்பந்தில் ஆளறியும் கலை

கால்பந்து என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது காலால் உதைத்தாடும் ஆட்டமே. அமெரிக்கர்கள் அப்பெயரால் அழைப்பதோ முற்றிலும் வேறான ஓர் ஆட்டம். அங்கே பந்து உருண்டையன்று; இரு முனையும் கூம்பிய நீளுருண்டை. காலுக்கு வேலை எப்போதேனும் ஒருமுறைதான். கையால் எறிவதும், மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை மடக்கி வீழ்த்துவதுமே ஆட்டத்தின் பெரும்பகுதி. அணிக்குப் பதினொருவர், மைதானம் 100 கெஜ நீளம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அவற்றுக்குள் 10 கெஜம் முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு முயற்சிகள். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

இந்த ஆட்டத்தின் தளபதியே குவார்ட்டர்பேக் எனப்படுபவர். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் அவர் கைக்கே வருகிறது. வந்தபின் அவருக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ மூன்று வினாடிகள். அதற்குள் எதிரணியின் வியூகத்தைப் படித்து, தம்மவர் நால்வர் ஐவர் வெவ்வேறு திசைகளில் ஓடுவதைக் கண்டு, அவர்களுள் எவர் இன்னும் அரைநொடியில் தனித்து நிற்பார் எனக் கணித்து, அவர் போய்ச் சேரவிருக்கும் இடத்திற்குப் பந்தை எறிய வேண்டும். இதற்கிடையே 130 கிலோ எடையுள்ள ஆட்கள் அவரை வீழ்த்த ஓடி வந்துகொண்டிருப்பார்கள்! நல்ல குவார்ட்டர்பேக் இல்லாத அணி மற்ற இடங்களில் எத்துணை வலிமை பெற்றிருந்தாலும் கோப்பையை எட்டுவது அரிது.

அத்தகைய ஒருவரை எங்கே தேடுவது? அமெரிக்காவில் தொழில்முறை ஆட்டத்திற்கு ஆட்களை ஆயத்தம் செய்து அனுப்புபவை கல்லூரிகளே. உயர்நிலைப் பள்ளியை முடித்து மூன்றாண்டுகள் கழியாமல் எவரும் தேசியக் கால்பந்துக் கழகத்தில் சேர இயலாது. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் பங்கிட்டுக் கொள்ளும் முறைக்கு ‘டிராப்ட்’ என்று பெயர். செல்வமும் வெற்றியும் உடைய அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை வளைத்துக் கொள்வதைக் கண்டு மனம் வெதும்பிய பிலடெல்பியா அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935-இல் முன்மொழிய, 1936-இல் முதல் டிராப்ட் நடந்தது. விதி எளியது: சென்ற ஆண்டு கடைசியாக வந்த அணிக்கே முதல் உரிமை. அந்த ஆண்டு முதலாவதாகத் தெரிவு செய்யப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டத்திற்கு வரவே இல்லை என்பது ஒரு வேடிக்கை. இன்று 32 அணிகள், ஏழு சுற்றுகள், சுமார் 250 இளைஞர்கள். தோற்றவனுக்கு முதல் பந்தி என்னும் இந்த ஏற்பாடு நியாயமானதே. ஆனால் முதலில் கை நீட்டும் உரிமை கிடைத்துவிட்டால் எதை எடுப்பது என்ற அறிவும் உடன் வந்துவிடுமா?

அளவுகோல்கள்

டிராப்டுக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் இண்டியானாபொலிஸ் நகரில் முந்நூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களைக் கூட்டி ஒரு பெருஞ்சோதனை நடத்துகிறார்கள். உயரம், எடை, கை நீளம் எல்லாம் அளக்கப்படும். கட்டைவிரல் நுனி முதல் சுண்டுவிரல் நுனி வரை உள்ளங்கையின் விரிவும் அளக்கப்படும். 2022-இல் கென்னி பிக்கெட் என்பவரின் கை எட்டரை அங்குலமே என்பது நாட்டின் பெருஞ்செய்தியாயிற்று. 40 கெஜ ஓட்டம் உண்டு. நின்ற இடத்திலிருந்து குதித்தல் உண்டு. பல்லாண்டுகளாக 12 நிமிடங்களில் 50 வினாக்களுக்கு விடையளிக்கும் ஓர் அறிவுத் தேர்வும் அங்கு நடந்தது. 2022-இல்தான் அதைக் கைவிட்டனர். பின்னர் அணி நிர்வாகிகளின் நேர்காணல். அதன்பின் கல்லூரி ஆட்டப் படச்சுருள்களை இரவு பகலாக ஓட்டிப் பார்க்கும் வேலை.

இவற்றுள் எதுவும் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் அளக்க எளிதாயிருப்பது ஒன்று, ஆட்டத்தில் பயன்படுவது வேறொன்று. 40 கெஜம் நேர்கோட்டில் ஓடும் வாய்ப்பு ஒரு குவார்ட்டர்பேக்கிற்கு ஆண்டில் எத்தனை முறை வரும்? மூன்று வினாடிக்குள் முடிவெடுக்கும் ஆற்றலை நாடாவால் அளக்க முடியுமா? கல்லூரி ஆட்டத்தையே பார்த்து முடிவு செய்யலாமே என்றால் அதிலும் சிக்கல் உண்டு. கல்லூரியில் தனித்து நிற்பவனாகத் தோன்றும் ஆட்டக்காரன் தொழில்முறை ஆட்டத்தில் அப்படி நிற்கமாட்டான். இடைவெளி அங்கே கண்ணிமைப்பில் மூடிக்கொள்ளும். ஆகவே படச்சுருளில் கண்ட திறன் புதிய களத்தில் செல்லுபடியாகும் என்பதற்கு உறுதி இல்லை.

1998-ஆம் ஆண்டின் கதை இதற்குச் சரியான சான்று. டென்னசியின் பேட்டன் மேனிங், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரயன் லீஃப் ஆகிய இருவருள் யார் மேலானவர் என்று மாதக்கணக்கில் விவாதித்தார்கள். லீஃபின் கைவலிமையே பெரிது என்றவர் பலர். முதல் உரிமை பெற்ற இண்டியானாபொலிஸ் மேனிங்கை எடுத்தது. சான் டியேகோ அணியோ மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்திற்கு, அதாவது ஒரே ஒரு படி ஏறுவதற்காக, இரண்டு முதற்சுற்று உரிமைகளையும் ஓர் இரண்டாம் சுற்று உரிமையையும் இரு ஆட்டக்காரர்களையும் கொடுத்து லீஃபைப் பெற்றது. லீஃப் 21 ஆட்டங்களைத் தொடங்கினார், வென்றவை நான்கு. அவர் எறிந்ததில் 14 பந்துகள் இலக்கெல்லையைக் கடந்து புள்ளிகள் தந்தன. 36 பந்துகளை எதிரிகள் பிடித்துக் கொண்டனர். 2002-இல் அவர் ஆட்டத்தை விட்டே விலகினார். மேனிங் ஐந்து முறை ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் இருமுறை சூப்பர் பௌல் கோப்பையையும் வென்றார்.

இவ்வளவோடு கதையை முடிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். முதல் ஆண்டில் மேனிங்கும் திணறியவரே! அவருடைய 28 பந்துகள் எதிரிகள் கைக்குப் போயின. அணி மூன்று ஆட்டங்களை வென்று பதின்மூன்றைத் தோற்றது. மறு ஆண்டு அதே அணி பதின்மூன்றை வென்று மூன்றைத் தோற்றது. முதலாண்டு மதிப்பெண்ணை மட்டும் வைத்து அவரை ஒதுக்கியிருந்தால் என்னவாகியிருக்கும்?

ஒதுக்கப்பட்டவர்கள்

டாம் பிரேடியின் பெயரை விளையாட்டுச் செய்திகளில் சிலர் கண்டிருக்கலாம். மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர். 2000-ஆம் ஆண்டுச் சோதனையில் 40 கெஜத்தை 5.28 வினாடிகளில் ஓடினார். குவார்ட்டர்பேக்குக்கும்கூட இது மெதுவான ஓட்டம். அவர் 199-ஆம் ஆளாக ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்டார். அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டனர். அந்த அறுவருள் எவரும் ஒரு சூப்பர் பௌல் ஆட்டத்தைக்கூடத் தொடங்கியதில்லை; பிரேடி ஏழு கோப்பைகளை வென்று 2023-இல் ஓய்வு பெற்றார்.

கர்ட் வார்னரை 1994-இல் எவருமே எடுக்கவில்லை. அயோவா மாநிலத்தில் ஒரு மளிகைக் கடையில் இரவு நேரத்தில் அலமாரிகளில் சரக்கு அடுக்கினார். 1999-இல் அவரே ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். அந்தப் பருவத்தின் கோப்பையும் அவர் அணிக்கே. பிராக் பர்டி 2022-இல் கடைசி ஆளாக, 262-ஆம் இடத்தில் எடுக்கப்பட்டவர். ஈராண்டு கழிவதற்குள் சான் பிரான்சிஸ்கோ அணியைச் சூப்பர் பௌல் களத்திற்கு அழைத்துச் சென்றார். அதே அணி 2021-இல் ட்ரே லான்ஸ் என்பவருக்காக மூன்று முதற்சுற்று உரிமைகளைக் கொடுத்திருந்தது. 2023-இல் அவரை ஒரு நான்காம் சுற்று உரிமைக்கு விற்றுவிட்டது.

இந்த மூவருக்கும் பொதுவான ஒன்றை நண்பர்கள் கவனிக்க வேண்டும். பிரேடிக்கு வாய்ப்பு வந்தது 2001-இல் ட்ரூ பிளெட்சோ காயமுற்றதால். வார்னருக்கு வந்தது ட்ரென்ட் கிரீன் காயமுற்றதால். பர்டிக்கு வந்தது, முன்னிருந்த இருவரும் ஒருவர்பின் ஒருவராகக் காயமுற்றதால். அணி நிர்வாகிகள் தம் கணிப்பைத் தாமே திருத்திக்கொண்டு அவர்களைக் களமிறக்கவில்லை; பிறர் முறிந்ததால் அவர்கள் வெளிப்பட்டார்கள். இத்தகைய வாய்ப்புக் கிட்டாமலேயே வீடு திரும்பிய வார்னர்கள் எத்தனை பேரோ! அவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் வரமாட்டார்கள். ‘நாங்கள் முதலில் எடுத்தவர்களே மிகுதியாக ஆடியிருக்கிறார்கள்’ என்று அணிகள் பெருமை பேசும்போது, முதலில் எடுத்தவர்களுக்கே மிகுதியான வாய்ப்பும் பொறுமையும் தரப்பட்டன என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். புள்ளியியல் துறை நண்பர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: தேர்ச்சி பெற்றோரை மட்டும் வைத்துக்கொண்டு தேர்வின் தரத்தை அளக்க முடியாது.

கணிப்பில் நிறமும் புகுந்திருக்கிறது. வாரன் மூன் 1978-இல் புகழ்பெற்ற ரோஸ் பௌல் ஆட்டத்தில் தம் கல்லூரியை வெற்றிக்கு அழைத்துச் சென்றவர். கறுப்பர். சிந்தித்து ஆட்டத்தை நடத்தும் இடம் வெள்ளையர்க்கே உரியது என்ற எண்ணம் அன்று நிர்வாகிகளிடம் வேரூன்றியிருந்தது. கறுப்பின இளைஞர்களை வேறு இடங்களுக்கு மாறச் சொல்வது வழக்கம். அவ்வாண்டு டிராப்டில் மூனை எவரும் எடுக்கவில்லை. அவர் கனடா சென்று எட்மன்டன் அணியில் தொடர்ந்து ஐந்து கோப்பைகளை வென்றார். 1984-இல் ஹூஸ்டன் அணி அழைத்தது. 2006-இல் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. அந்த மண்டபத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் அவரே. தொழில்முறை ஆட்டத்தில் அவருடைய இளமையின் ஆறு ஆண்டுகளை அமெரிக்கா பார்க்கவே இல்லை.

நாற்பதாண்டு கழிந்து 2018-இல் லாமார் ஜாக்சன் வந்தார். கல்லூரி ஆட்டத்தின் தலைசிறந்த விருதை 2016-இல் பெற்றவர். அவரையும் பந்து பிடிப்பவராக மாறச் சொன்னவர்கள் இருந்தனர். அப்படி வெளிப்படையாகச் சொன்னவர் பில் போலியன். 1998-இல் லீஃபை விட்டு மேனிங்கை எடுத்த அதே நிர்வாகி! ஜாக்சன் முதற்சுற்றின் கடைசி இடமான 32-இல் எடுக்கப்பட்டு, 2019-இலும் 2023-இலும் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவானார். போலியன் தம் கணிப்புத் தவறென்று பின்னர் ஒப்புக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை கூர்ந்து கண்ட கண்ணே மறுமுறை மங்கிவிடுவதைக் காண்கிறோம்.

‘கண்ணை நம்பாதே, எண்ணை நம்பு’ என்பார் ஒரு சாரார். அவர்களுக்கும் 2018-ஆம் ஆண்டே பதிலளித்தது. வயோமிங் பல்கலைக்கழகத்தின் ஜோஷ் ஆலன் கல்லூரியில் எறிந்த பந்துகளில் 56 விழுக்காடே தம்மவர் கையில் சேர்ந்தன. குறி தவறுபவனுக்குக் குறியைக் கற்பிக்க முடியாது என்றார்கள் கணக்கர்கள். அவருடைய உயரத்தையும் கைவலிமையையும் நம்பிய பஃபலோ அணி ஏழாம் இடத்தில் அவரை எடுத்தது. முதல் ஆண்டில் ஏறத்தாழ 53 விழுக்காடு. 2020-இல் 69 விழுக்காடு. 2024-இல் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. அணி அவருக்குப் பயிற்சியும் காலமும் நல்ல துணைவர்களும் தந்தது. இதே ஆலன் வேறோர் அணிக்குப் போயிருந்தால் இவ்வாறு வளர்ந்திருப்பாரா என்பதை எவர் சொல்ல முடியும்?

பொருளியல் அறிஞர்களும் இதில் தலையிட்டிருக்கிறார்கள். 2017-இல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸி என்பவரும் இந்த டிராப்டை ஆராய்ந்து, 2013-இல் வெளிவந்த கட்டுரையில் ஒரு கணக்கைக் காட்டினர். ஒரே வகை ஆட்டக்காரர்களுள் முன்னதாக எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறந்து விளங்கும் வாய்ப்பு, நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல்! அணிகள் அறிவற்றவை என்பது இதன் பொருளன்று. தம் அறிவின்மேல் அளவு கடந்த நம்பிக்கை வைக்கின்றன என்பதே பொருள். ஆகவே ஓர் உயர்ந்த இடத்தைக் கொடுத்துப் பல தாழ்ந்த இடங்களை வாங்குபவரே பெரும்பாலும் இலாபம் அடைகிறார் என்பது அவர்கள் முடிவு. பந்தயச் சீட்டு ஒன்றுக்குப் பதில் பல சீட்டுகள். எனக்கு இது சரியென்றே படுகிறது. ஆனால் குவார்ட்டர்பேக் இல்லாமல் தவிக்கும் நிர்வாகியிடம், வேலை போகுமோ என்று அஞ்சுபவரிடம், இந்தக் கணக்கு எடுபடுவதில்லை.

2023-இல் கரோலினா அணி அதைத்தான் செய்தது. முதல் இடத்தைப் பெறுவதற்காகச் சிகாகோ அணிக்கு இரண்டு முதற்சுற்று உரிமைகள், இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகள், அவற்றோடு தன் தலைசிறந்த பந்து பிடிப்பவரான டி.ஜே. மூர் ஆகியோரைக் கொடுத்து அலபாமாவின் பிரைஸ் யங்கை எடுத்தது. யங் 5 அடி 10 அங்குலமே. அறிவுக் கூர்மையில் இணையற்றவர் என்று புகழப்பட்டவர். அடுத்த இடத்தில் ஹூஸ்டன் எடுத்த சி.ஜே. ஸ்ட்ரௌட் ஓர் அறிவுச் சோதனையில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றதாகச் செய்தி கசிந்திருந்தது. ஸ்ட்ரௌட் முதல் ஆண்டிலேயே 4,108 கெஜம் எறிந்து, தாக்கும் அணியின் சிறந்த புதுமுகமானார். எதிரிகள் பிடித்த பந்துகள் ஐந்தே. கரோலினா இரண்டு ஆட்டங்களை வென்று பதினைந்தைத் தோற்றது. பருவம் முடியுமுன் பயிற்சியாளரும் நீக்கப்பட்டார். யங்குக்குப் பந்து பிடித்துக் கொடுக்க வேண்டிய மூர், யங்கைப் பெறுவதற்கான விலையாகவே சிகாகோவுக்குப் போய்விட்டார்! கரோலினா கைவிட்ட அடுத்த ஆண்டு உரிமை அவ்வாண்டின் முதல் இடமாகவே அமைய, அதைக்கொண்டு சிகாகோ கேலப் வில்லியம்ஸ் என்னும் குவார்ட்டர்பேக்கை எடுத்துக்கொண்டது.

2024-இல் இரண்டே ஆட்டங்களுக்குப் பின் யங் உட்காரவைக்கப்பட்டார். மூத்தவரான ஆண்டி டால்டன் அவர் இடத்திற்கு வந்தார். 23 வயதில் தோல்வியாளர் என்ற முத்திரை யங்கின்மேல் குத்தப்பட்டாயிற்று. அக்டோபரில் டால்டன் ஒரு கார் விபத்தில் சிக்கிக் கட்டைவிரலில் காயமுற்றார். வேறு வழியின்றி யங்கையே மீண்டும் இறக்கினார்கள். அதன்பின் அவர் ஆட்டம் தேறியது. அந்தப் பருவம் முடியும்வரை அவரை எவரும் மாற்றவில்லை.